ரக்மானினோவின் கச்சேரிப் பயணங்கள்

ரஷ்ய இசையமைப்பாளர் செர்கெய் ரக்மானினோவ் (1873–1943) இசை எழுதினார், பியானோ வாசித்தார், இசைக்குழுக்களை நடத்தினார். மூன்றிலும் முதல் வரிசையில் நின்ற அவருக்கு மூன்றையும் ஒரே காலத்தில் செய்வது கைகூடவில்லை. எழுத உட்கார்ந்தால் மேடையை விட்டு விலகுவார். மேடை ஏறினால் எழுத்து நின்றுபோகும். அவருடைய படைப்புகள் 45 ஓபஸ் (படைப்பு வரிசை) எண்களில் அடங்குகின்றன. அவற்றில் முதல் 39 எண்களையும் 1917ஆம் ஆண்டு முடிவதற்குள் எழுதிவிட்டார். அதன்பின் வாழ்ந்த 25 ஆண்டுகளில் எழுதியவை 6 மட்டுமே. இந்த ஏற்றத்தாழ்வுக்கு நாடிழந்த துயரம் ஒரு காரணம். ஓயாத கச்சேரிப் பயணம் இன்னொரு காரணம். அதே பயணம்தான் அவருடைய மூன்றாம் பியானோ கன்செர்ட்டோவையும், பிற்காலப் படைப்புகளில் சிலவற்றையும் பிறப்பித்தது. கச்சேரி மேடை அவருடைய படைப்பிலிருந்து எதை எடுத்துக்கொண்டது, எதைக் கொடுத்தது என்பதைப் பயணங்களை வரிசையாகப் பின்தொடர்ந்தால்தான் கணக்கிட முடியும்.

ஒரு சிறு பிரெலூடின் பெரும்புகழ்

ரக்மானினோவ் 1892இல் மாஸ்கோ இசைக் கல்லூரியில் பெரும் தங்கப் பதக்கத்துடன் படிப்பை முடித்தார். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில், மாஸ்கோவில் நடந்த மின்சாரக் கண்காட்சியின் கச்சேரி ஒன்றில், தாம் புதிதாக எழுதிய சி-ஷார்ப் மைனர் பிரெலூடை வாசித்தார். நான்கைந்து நிமிடமே நீளும் பியானோத் துண்டு அது. அடிக்கட்டைகளில் மூன்று கனத்த சுரங்கள் இறங்கி விழ, அவற்றுக்குப் பதில்போல மேலே தணிந்த ஒலிக்கோவைகள் எழும். பதிப்பாளர் கூட்ஹெய்ல் அந்தத் துண்டு அடங்கிய ஐந்து பியானோத் துண்டுகளை 200 ரூபிளுக்கு வாங்கினார். பிரெலூடுக்கு விழுந்த பங்கு 40 ரூபிள்.

அக்காலத்தில் ரஷ்யா பெர்ன் பதிப்புரிமை உடன்படிக்கையில் சேர்ந்திருக்கவில்லை. எனவே இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கப் பதிப்பாளர்கள் எழுதியவரைக் கேளாமலே பிரெலூடை அச்சிட்டு விற்றார்கள். விற்பனைக்காக ‘மாஸ்கோ எரிந்த நாள்’ என்பது போன்ற கற்பனைத் தலைப்புகளையும் சூட்டினார்கள். ரக்மானினோவின் ஒன்றுவிட்ட சகோதரரும் ஆசிரியருமான பியானோ கலைஞர் அலெக்சாண்டர் சிலோட்டி, 1898இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செய்த சுற்றுப்பயணத்தில் இதை வாசித்து ஊரெங்கும் பரப்பினார். அந்தப் புகழால் எழுதியவருக்கு ஒரு காசும் வரவில்லை. கச்சேரி அழைப்புகள் வந்தன. 1899இல் லண்டன் பில்ஹார்மோனிக் சங்கம் அவரை அழைத்தது. குவீன்ஸ் அரங்கில் தம் இசைக்குழுப் படைப்பான ‘பாறை’யை நடத்திய அவர் பிரெலூடையும் வாசித்தார். எழுத்துக்கு உரிய வருமானத்தை மேடையில்தான் ஈட்ட வேண்டும் என்ற நிலைமை அப்போதே உருவாகிவிட்டது.

தொடக்கத்தில் அவருக்குச் சுற்றுப்பயணம் பிடிக்கவில்லை. 1895இல் இத்தாலிய வயலின் கலைஞர் தெரசீனா துவாவுடன் ரஷ்ய நகரங்களைச் சுற்றப் புறப்பட்டவர், சலித்துப்போய்ப் பாதியிலேயே விலகினார். 1897இல் முதல் சிம்பொனி அரங்கேற்றத்தில் படுதோல்வி அடைந்தபின், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் குறிப்பிடத்தக்க எதையும் அவரால் எழுத முடியவில்லை. மருத்துவர் நிகோலாய் தாலின் சிகிச்சையில் தெளிந்து, 1901இல் இரண்டாம் பியானோ கன்செர்ட்டோவை முடித்தார். உலகின் பெரிய மேடைகளுக்கு அவர் எடுத்துச் சென்ற முதல் பெரும்படைப்பு அதுதான்.

1909–10: முதல் அமெரிக்கப் பயணம்

1906 முதல் சில குளிர்காலங்களை ரக்மானினோவ் குடும்பத்துடன் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கழித்தார். மாஸ்கோ போல்ஷாய் அரங்கில் இசை நடத்துநராக இருந்த பொறுப்பை விட்டுவிட்டு, எழுதுவதற்கென்றே ஒதுங்கிய காலம் அது. அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தபோது நெடுநாள் தயங்கினார். இறுதியில் ஒப்புக்கொண்டதற்குப் பணம்தான் முக்கியக் காரணம். மோட்டார் கார் ஒன்று வாங்கலாம் என்ற ஆசையை நண்பர் நிகிதா மரோசவுக்கு எழுதிய கடிதத்தில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பயணத்துக்காகவே ஒரு புதிய படைப்பு தேவைப்பட்டது. 1909 கோடையில், தம்போவ் மாகாணத்தில் மனைவி குடும்பத்தாருக்குச் சொந்தமான இவானோவ்கா பண்ணையில் தங்கி மூன்றாம் பியானோ கன்செர்ட்டோவை எழுதினார். இலையுதிர்காலத் தொடக்கத்தில்தான் அது முடிந்தது. வாசித்துப் பழக நாள் போதவில்லை. கப்பலில் ஒலியெழுப்பாத பயிற்சிக் கட்டைப்பலகை ஒன்றை வைத்துக்கொண்டு அட்லான்டிக்கைக் கடந்தார். பியானோ இலக்கியத்தின் மிகக் கடினமான படைப்புகளில் ஒன்றை அதை எழுதியவரே ஓசையில்லாத பலகையில் விரல்பழக்கிக்கொண்டார்.

1909 நவம்பர் 4 அன்று மாசசூசெட்ஸ் மாநிலம் நார்த்தாம்ப்டனில் உள்ள ஸ்மித் பெண்கள் கல்லூரியில் அவருடைய முதல் அமெரிக்கக் கச்சேரி நடந்தது. சில நாட்களில் மாக்ஸ் பீட்லர் நடத்திய பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவுடன் பிலடெல்பியாவில் இரண்டாம் கன்செர்ட்டோவை வாசித்தார். நவம்பர் 28 அன்று நியூயார்க்கின் நியூ தியேட்டரில் மூன்றாம் கன்செர்ட்டோ அரங்கேறியது. வால்ட்டர் டாம்ரோஷ் இசைக்குழுவை நடத்தினார். டிசம்பரில் சிகாகோவில் தம் ‘இறந்தோர் தீவு’ படைப்பை ரக்மானினோவே நடத்தினார்.

பயணத்தின் உச்சம் 1910 ஜனவரி 16. அன்று கார்னகி அரங்கில் மூன்றாம் கன்செர்ட்டோவுக்கு நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவை நடத்தியவர் குஸ்தாவ் மாலர். அதற்கான ஒத்திகையை ரக்மானினோவ் பிற்காலத்தில் விரிவாக நினைவுகூர்ந்தார். ஒத்திகை பகல் பன்னிரண்டரைக்கு முடியவேண்டும். கன்செர்ட்டோவின் முறை வந்தபோதே பன்னிரண்டு ஆகிவிட்டது. மாலர் அவசரப்படவில்லை. பியானோவுக்குத் துணைபோகும் பகுதிகளை நுணுகி நுணுகித் திருத்தினார். நேரம் கடந்து முக்கால் மணி ஆனபின்னும் முதல் பகுதியை மறுபடி தொடங்கச் சொன்னார். கலைஞர்கள் சிலர் எழுந்திருக்க முற்பட்டபோது, தாம் உட்கார்ந்திருக்கும்வரை யாரும் எழக்கூடாது என்றார். எரிச்சலோ முணுமுணுப்போ இல்லாமல் ஒத்திகை தொடர்ந்ததைக் கண்டு ரக்மானினோவ் வியந்தார். தம் கன்செர்ட்டோவின் துணையிசைக்கு இத்தனை மதிப்புக் கொடுத்த நடத்துநரை, தாம் மிகவும் போற்றிய ஆர்தர் நிகிஷுக்கு இணையாக வைத்தார்.

மொத்தம் 26 நிகழ்ச்சிகள்: 19இல் பியானோ வாசித்தார், 7இல் இசைக்குழு நடத்தினார். வரவேற்புக்குக் குறைவில்லை. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் நடத்துநர் பதவியும் அவரைத் தேடி வந்தது. அதை மறுத்தார், பயணத்தை நீட்டிக்க வந்த அழைப்புகளையும் மறுத்தார். ஊருக்கு எழுதிய கடிதங்களில், எங்கு திரும்பினாலும் வியாபாரப் பேச்சாக இருக்கிறது என்றும், சிறந்த கலைஞர்கள் ஓயாது வந்துபோவதால் அமெரிக்க ரசிகர்கள் இறுகிப்போயிருக்கிறார்கள் என்றும் குறைபட்டுக்கொண்டார். குழந்தைகளையும் இவானோவ்காவையும் விட்டுப் பிரிந்திருப்பது அவருக்குத் தாங்கவில்லை. அழைப்பை ஏற்பதும் மறுப்பதும் அப்போது அவர் கையில் இருந்தன. எழுதுவதற்குத் திரும்பிப்போக ஓர் இடமும் இருந்தது.

ரஷ்யாவுக்குள்ளே

1910 முதல் 1917 வரை கோடையில் இவானோவ்காவில் எழுதுவதும், குளிர்காலத்தில் ரஷ்ய நகரங்களிலும் இங்கிலாந்திலும் வாசிப்பதும் இசைக்குழு நடத்துவதும் அவருடைய வழக்கமாக இருந்தன. சுமை மிகும்போது கச்சேரிகளை நிறுத்திக்கொள்ளவும் அவரால் முடிந்தது. 1912 டிசம்பரில் மாஸ்கோ பில்ஹார்மோனிக் பருவத்தைப் பாதியில் விட்டு ஸ்விட்சர்லாந்துக்கும் பிறகு ரோமுக்கும் போனார். அங்கே எழுதத் தொடங்கியதுதான் ‘மணிகள்’ என்ற பாடற்குழுச் சிம்பொனி.

அதுவரை மேடையில் பெரும்பாலும் தம் சொந்தப் படைப்புகளையே அவர் வாசித்துவந்தார். இசையமைப்பாளர் தம் இசையைத் தாமே எடுத்துச் சொல்ல மேடையேறும் மரபு அது. 1915 ஏப்ரலில், உடன்படித்தவரான இசையமைப்பாளர் அலெக்சாண்டர் ஸ்கிரியாபின் திடீரென இறந்தார். அவருடைய குடும்பத்துக்கு நிதி திரட்ட ரக்மானினோவ் ஸ்கிரியாபினின் படைப்புகளை மட்டுமே வைத்துக் கச்சேரிகள் செய்தார். ஸ்கிரியாபினே வாசித்துக் கேட்டுப் பழகிய அன்பர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. காற்றில் மிதக்கவேண்டிய இசையை மண்ணில் ஊன்றிவிட்டார் என்று குறை கூறினார்கள். பிறர் இசையைத் தம் வழியில் ஆராய்ந்து, கட்டுக்கோப்புத் தெளிவாகத் தெரிய வாசிக்கும் பியானோ கலைஞர் அந்தக் கச்சேரிகளில்தான் வெளிப்பட்டார். மூன்றே ஆண்டுகளில் அந்தத் திறமையே அவருக்குப் பிழைப்பாயிற்று.

நாடு கடந்த பின்

1917 புரட்சியோடு இவானோவ்கா கைவிட்டுப் போனது. சம்பாதித்ததில் பெரும்பகுதியை அந்தப் பண்ணையில்தான் அவர் போட்டிருந்தார். ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு கச்சேரி அழைப்பு வந்தது. அதைக் காரணமாகக் காட்டி வெளியேற அனுமதி வாங்கினார். 1917 டிசம்பரின் இறுதியில் மனைவி நதாலியா, மகள்கள் இரினா, தத்தியானா ஆகியோருடன் பெட்ரோகிராடிலிருந்து ரயிலேறி, பின்லாந்து எல்லையில் பனிச்சறுக்கு வண்டியில் நாட்டைக் கடந்தார். கைப்பெட்டியில் சில இசைக் குறிப்பேடுகளும், முடிக்காத ‘மொன்னா வன்னா’ ஓபராவின் முதல் அங்கமும், ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘பொற்சேவல்’ ஓபராவின் இசைப்பிரதியும் இருந்தன. அவர் மறுபடி ரஷ்யா திரும்பவே இல்லை.

கோபன்ஹேகனில் குடியேறி, 1918 பிப்ரவரியில் ஸ்காண்டிநேவிய நகரங்களில் வாசிக்கத் தொடங்கினார். அப்போது அமெரிக்காவிலிருந்து மூன்று அழைப்புகள் வந்தன: சின்சினாட்டி இசைக்குழுவை இரண்டாண்டுகள் நடத்துவது, பாஸ்டன் இசைக்குழுவை 30 வாரங்களில் 110 கச்சேரிகளுக்கு நடத்துவது, 25 பியானோக் கச்சேரிகள் செய்வது. மூன்றையும் மறுத்துவிட்டு, ஒப்பந்தம் எதுவும் இல்லாமலே அமெரிக்கா செல்லத் துணிந்தார். இசைக்குழு நடத்துவதானால் பெரிய அளவில் புதிய இசைப்பிரதிகளைப் படித்துத் தயாரிக்கவேண்டும்; அவர் நடத்திப் பழகியவை பெரும்பாலும் ரஷ்யப் படைப்புகள். எழுதுவதானால் உடனே வருமானம் வராது. குடும்பத்தைக் காப்பாற்ற எஞ்சிய வழி பியானோ.

1918 நவம்பர் 10 அன்று, உலகப் போர் ஓய்வதற்கு முந்தைய நாள், அவர் ஏறிவந்த ‘பெர்கன்ஸ்ஃபியோர்ட்’ கப்பல் நியூயார்க்கை அடைந்தது. இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளரான செர்கெய் புரோகோபியெவ் சைபீரியா, ஜப்பான் வழியாக அதே ஆண்டு அமெரிக்கா வந்து, அதே மாதம் 20ஆம் தேதி நியூயார்க்கில் தம் முதல் தனிக் கச்சேரியைச் செய்தார். புரட்சியால் சிதறிய ரஷ்ய இசைக் கலைஞர்கள் பலருக்கு அமெரிக்க மேடையே புகலிடமாக இருந்தது. ரக்மானினோவ் பாஸ்டனைச் சேர்ந்த சார்லஸ் எல்லிஸைக் கச்சேரி முகவராகவும் ஸ்டைன்வே பியானோவைத் தம் கருவியாகவும் தேர்ந்துகொண்டார். டிசம்பர் 8 அன்று ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் முதல் கச்சேரி. ஸ்பானிஷ் ஃப்ளூ பரவியிருந்த அந்தப் பருவத்திலேயே முப்பதுக்கும் மேற்பட்ட கச்சேரிகளை முடித்தார்.

நாற்பத்தைந்து வயதில் புதிய தொழில்

முழுநேரப் பியானோ கலைஞராக நின்று பிழைக்க, சொந்தப் படைப்புகள் மட்டும் போதா. பேத்தோவனின் சொனாட்டாக்கள், ஷோப்பான், ஷூமான், லிஸ்ட் என்று பெரும்பாலான பியானோ கலைஞர்கள் இருபது வயதுக்குள் கற்று முடிப்பவற்றை அவர் 45 வயதில் கச்சேரிக்கு ஏற்பப் படித்துத் தேர்ந்தார். பின்னாளில் ஷூமானின் ‘கார்னவல்’, ஷோப்பானின் இரண்டாம் சொனாட்டா ஆகியவற்றை அவர் வாசித்த இசைத்தட்டுகள் தலைமுறை தலைமுறையாகப் பாடமாகின.

அவர் பழகிய முறை அசாதாரணமானது. பியானோ கலைஞர் ஏப்ரம் சேசின்ஸ் ஒருமுறை அவர் வீட்டுக்குச் சென்றபோது உள்ளே பியானோ ஒலி கேட்டது. என்ன இசை என்று அடையாளம் தெரியாத அளவுக்கு அது மெதுவாக இருந்தது. சற்று நேரம் நின்று கேட்டபிறகே, மின்னல் வேகத்தில் பறக்கவேண்டிய ஷோப்பானின் எட்யூட் ஒன்றை ரக்மானினோவ் ஒவ்வொரு சுரமாக நிறுத்தி எடை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குப் புரிந்தது. அவர் வாசிப்பில் ரசிகர்கள் கண்ட பிசகாத தெளிவு இந்தப் பொறுமையில் விளைந்தது.

வாசிக்கும் ஒவ்வொரு படைப்பிலும் ஓர் உச்சப்புள்ளி உண்டு என்பது அவர் கொள்கை. அது படைப்பின் நடுவிலோ முடிவிலோ இருக்கலாம். பேரொலியாகவோ மென்மையாகவோ இருக்கலாம். வாசிப்பு முழுவதும் அந்தப் புள்ளியை நோக்கி அளந்து நகரவேண்டும். அது நழுவினால் மொத்தக் கட்டடமும் சரிந்துவிடும் என்று தோழி மரியெத்தா ஷகின்யானிடம் விளக்கியிருக்கிறார். கச்சேரி நல்லபடி முடிந்து அரங்கமே எழுந்து கைதட்டிய இரவுகளிலும், அந்தப் புள்ளி தவறியிருந்தால் மனம் சோர்ந்துபோவார். எழுதியவரின் கண்ணோடு படைப்பின் அமைப்பைப் பார்த்து வாசித்ததே அவரை ஏனைய பியானோ கலைஞர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது.

பயணத்தின் அன்றாடம்

ஆண்டுக்கு ஆண்டு சுமை ஏறியது. 1922–23 பருவத்தில் ஐந்து மாதங்களில் 71 கச்சேரிகள். அமெரிக்காவோடு கனடாவும் கியூபாவும் சேர்ந்துகொண்டன. இரவு ரயில், காலையில் புதிய ஊர், மாலையில் கச்சேரி, மறுபடி ரயில். பெட்டிகளைக் கட்டி அவிழ்க்கும் தொல்லையைக் குறைக்க, பியானோ வைத்த தனி ரயில்பெட்டி ஒன்றைச் சில காலம் வாடகைக்கு எடுத்துப் பயணம் செய்தார்.

எங்கு சென்றாலும் பிரெலூட் அவரைத் துரத்தியது. கச்சேரி முடிந்ததும் ரசிகர்கள் ‘சி-ஷார்ப்!’ என்று கூவுவார்கள். அதை வாசிக்காமல் அரங்கை விட்டு வெளியேற முடியாது. பத்தொன்பது வயதில் எழுதிய அத்துண்டை முதுமைவரை அவர் ஊர் ஊராக வாசித்தார்.

ஒலிப்பதிவு அவருக்கு இரண்டாவது மேடையாக அமைந்தது. 1919இல் எடிசன் நிறுவனத்துக்காகச் சில பதிவுகள் செய்தார். 1920இல் விக்டர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆம்பிகோ நிறுவனத்துக்காகத் தானியங்கிப் பியானோக்களில் ஓடும் துளைக்காகிதச் சுருள்களையும் பதிவு செய்தார். 1929இல் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி நடத்திய பிலடெல்பியா இசைக்குழுவுடன் இரண்டாம் கன்செர்ட்டோவை மின்முறையில் பதிவு செய்தார். இசைத்தட்டில் திருப்தி வரும்வரை மறுபடி மறுபடி வாசிக்கலாம் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. வானொலியை மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை. அக்கால வானொலியின் ஒலித்தரம் அவருக்கு உவப்பாக இல்லை.

கச்சேரிப் பணத்தில் கணிசமான பங்கு பிறருக்குப் போனது. பஞ்சத்தில் வாடிய ரஷ்யாவிலிருந்த இசைக்கலைஞர்களுக்கும் உறவினர்களுக்கும் உணவுப் பொட்டலங்கள் அனுப்பினார். அமெரிக்காவில் விமானத் தொழிற்சாலை தொடங்கப் பணமின்றித் திண்டாடிய ரஷ்யப் பொறியாளர் இகோர் சிகோர்ஸ்கிக்கு 1923இல் 5,000 டாலர் கொடுத்து உதவினார். அந்நிறுவனத்தின் துணைத் தலைவராகத் தம் பெயரைப் பயன்படுத்தவும் இசைந்தார். மேடையை அவர் விட முடியாமல் போனதற்கு, அவரை நம்பியிருந்தவர்களின் எண்ணிக்கையும் ஒரு காரணம்.

எழுத்துக்கு நேர்ந்தது

1918 முதல் 1925 வரை ஓபஸ் எண் பெற்ற புதிய படைப்பு ஒன்றும் வரவில்லை. வயலின் கலைஞர் கிரைஸ்லரின் துண்டுகளைப் பியானோவுக்கு மாற்றி எழுதியது போன்ற, கச்சேரியில் உடனே வாசிக்கக்கூடிய சிறு வேலைகளே வந்தன. நாட்டை இழந்தபோது எழுதும் விருப்பத்தையும் இழந்துவிட்டதாக அவர் பிற்காலத்தில் சொன்னார். அது உண்மை, ஆனால் 1926இல் பல மாதங்கள் கச்சேரிகளை நிறுத்தியதும் நான்காம் கன்செர்ட்டோவும் ‘மூன்று ரஷ்யப் பாடல்க’ளும் முடிந்தன என்பதும் உண்மை. விருப்பம் முழுதும் வற்றிப்போகவில்லை, அதற்கு வேண்டிய நாட்கள்தான் இல்லை. 1927 மார்ச்சில் அரங்கேறிய நான்காம் கன்செர்ட்டோவை விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். அவர் மீண்டும் பயணத்துக்குத் திரும்பினார்.

1931இல் எழுதிய, தனிப்பியானோவுக்கான ‘கொரெல்லி கருப்பொருள் மீதான மாறுபாடுகள்’ மேடையின் நேரடித் தாக்கத்தைக் காட்டுகிறது. மொத்தம் 20 மாறுபாடுகள். சுற்றுப்பயணத்தில் அதை எப்படி வாசிக்கிறேன் என்று நண்பர் நிகோலாய் மெட்னருக்கு எழுதிய கடிதத்தில் ரக்மானினோவ் விவரித்தார். அரங்கில் இருமல் சத்தம் கூடினால் அடுத்த மாறுபாட்டை விட்டுவிடுவார். இருமல் இல்லையென்றால் வரிசைப்படி வாசிப்பார். ஒரு சிற்றூரில் 10 மாறுபாடுகளோடு முடிந்தது. அதிகபட்சமாக நியூயார்க்கில் 18 வரை வந்தது. தம் சொந்தப் படைப்பின் நீளத்தை ரசிகர்களின் பொறுமையை வைத்து அளக்கும் அளவுக்கு மேடை அவரைப் பழக்கியிருந்தது. அதில் ஒரு படைப்பாளியின் வேதனையும் இருக்கிறது, நீளத்தைச் சுருக்கும் பாடமும் இருக்கிறது.

அந்தப் பாடம் பலித்தது. 1934 கோடையில், ஸ்விட்சர்லாந்தில் லூசெர்ன் ஏரிக்கரையில் தாம் கட்டிய ‘செனார்’ இல்லத்தில், பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமான ‘பகனீனி கருப்பொருள் மீதான ராப்சடி’யை எழுதினார். 24 மாறுபாடுகளும் இருபத்தைந்து நிமிடத்துக்குள் இடைவெளியின்றி ஓடும். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று பால்டிமோரில் ஸ்டோகோவ்ஸ்கி இசைக்குழுவை நடத்த, அவரே வாசித்து அரங்கேற்றினார். கேட்போர் உடனே வசப்பட்டார்கள். எழுத ஓர் இடமும் இடையூறில்லாத கோடையும் அமைந்ததும் 1936இல் மூன்றாம் சிம்பொனியும் முடிந்தது. இவானோவ்காவில் இருந்த ஆண்டுச் சுழற்சியைச் செனாரில் சிறிதளவு மீட்டுக்கொண்டார் என்று சொல்லலாம்.

இறுதிப் பயணங்கள்

1939 ஆகஸ்டில், போர் மூளும் தறுவாயில், செனாரை விட்டு நிரந்தரமாக அமெரிக்கா சென்றார். 1940இல் எழுதிய ‘சிம்பொனி நடனங்கள்’ அவருடைய கடைசிப் படைப்பு. யூஜின் ஆர்மண்டியின் பிலடெல்பியா இசைக்குழு 1941 ஜனவரியில் அதை அரங்கேற்றியது. ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியபின், அந்த ஆட்சியை அவர் ஏற்காதபோதும், கச்சேரி வருமானத்தைச் செம்படையின் மருத்துவ உதவிக்குக் கொடுத்தார்.

1942–43 பருவத்தைக் கடைசிப் பருவமாக வைத்துக்கொள்ள அவர் முடிவு செய்திருந்தார். உடலில் புற்றுநோய் பரவியிருந்தது. முதுகுவலியும் சோர்வும் மிகுந்தபோதும் ஒப்புக்கொண்ட கச்சேரிகளைச் செய்தார். 1943 பிப்ரவரி 1 அன்று அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். பிப்ரவரி 17 அன்று டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் வாசித்ததே கடைசிக் கச்சேரி. ஷோப்பானின் இரண்டாம் சொனாட்டாவும் அன்றைய நிரலில் இருந்தது. மீதிப் பயணம் நிறுத்தப்பட்டது. மார்ச் 28 அன்று, எழுபது வயது நிறையச் சில நாட்களே இருந்தபோது, கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் காலமானார்.

கச்சேரி மேடை ரக்மானினோவிடமிருந்து எடுத்துக்கொண்டது நேரத்தை. அது பெரிய இழப்பு. எழுதப்படாமல் போனவற்றுக்கு எந்தக் கணக்கும் ஈடாகாது. ஆனால் முதல் பயணம் இல்லையென்றால் மூன்றாம் கன்செர்ட்டோ 1909இல் பிறந்திருக்காது. கால்நூற்றாண்டு மேடைப் பழக்கம் இல்லையென்றால் ‘ராப்சடி’யின் இறுக்கமான வடிவம் வாய்த்திருக்காது. தம் இசையோடு பிறர் இசையையும் அவர் வாசித்த முறை இசைத்தட்டுகளில் எஞ்சியிருக்கிறது. பியானோ கலைஞர் ஒருவரையும் இசையமைப்பாளர் ஒருவரையும் ஒரே ஆளில் காணும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மரபு, ஷோப்பானுக்கும் லிஸ்ட்டுக்கும் பின் ஒலிப்பதிவுக் காலம்வரை முழு வலிமையோடு வந்து சேர்ந்ததற்கு அந்தத் தட்டுகளே தலையாய சான்று.